கிணறு நிறைந்த மழை

எழுபதுகளின் கடைசியில் நான் நாமக்கல்லிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு ஏற்ற லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அங்கே உப்பளம் வைத்திருந்த ஒருவர் எனக்கு நெருங்கிய சிநேகிதராகியிருந்தார். ஒரு கார்த்திகையில் புயல் அந்தக் கரையை அடித்து நொறுக்கிவிட்டு, எங்கள் பக்கம் வெறும் மழையாக வந்து சேர்ந்தது. வறண்டு கிடந்த எங்கள் கிணறு நிறைந்தது.

பாதை திறந்ததும் அரிசி மூட்டையோடு அவரைப் பார்க்கக் கிளம்பினேன். கூட வந்த தம்பி வழியெல்லாம் கிணற்றைப் பற்றியே பேசினான். "அங்க வந்து மழைப் பேச்ச எடுத்தீன்னா திரும்பி வர்றப்ப பாதி வழியிலயே எறக்கி உட்டுருவேன்" என்று கத்தினேன்.

அவர் வீட்டுக்குக் கூரை இல்லை. குவித்து மூடி வைத்திருந்த உப்பு முழுவதும் கரைந்து கடலுக்கே போயிருந்தது. ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டவர், "உங்க பக்கம் மழை உண்டா?" என்று கேட்டார்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"கெணறு ரொம்பிருக்குமே?"

"ஆமாங்க" என்றேன்.

"அதுவாச்சும் நடந்துச்சே" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.