தகட்டில் ஒட்டிய நற்கருணை

வெள்ளைக்காரன் காலம். எனக்குப் பதினாறு வயது. துருத்திய முன்பல்லை உள்ளே தள்ள, மதுரையில் ஒரு பல் டாக்டர் என் மேலண்ணத்தில் கம்பி வைத்த தகட்டை மாட்டிவிட்டார்.

மறுநாள் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை. நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத விரதத்தில் வாய் காய்ந்திருந்தது. பங்குச் சாமியார் நாக்கில் வைத்த நற்கருணை அப்பம், ஆண்டவரின் உடலாகவே நாங்கள் உட்கொள்வது, தகட்டில் போய் அப்பிக்கொண்டது. கடிக்கக் கூடாது, விரலால் தொடவும் கூடாது. நாக்கால் நெம்பினேன், அசையவில்லை.

பூசை முடிந்தும் நான் வாய் திறக்கவில்லை.

"என்னடி, ஊமையாயிட்டியா?" என்றாள் அம்மா.

ஆண்டவரையே கம்பிக்குள் அடைத்துவிட்டேனே!

சாமியாரிடம் ஓடி, வாயைத் திறந்து காட்டினேன். சிடுசிடுப்புக்குப் பேர்போனவர் அவர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தம் மேல்வரிசைப் பல்லை நாக்கால் தள்ளி இறக்கினார். அத்தனையும் பொய்ப்பல்!

"எனக்கும் தெனம் இதே பாடுதான் தாயி. தண்ணியக் குடி, கரைஞ்சிரும். வெளிய சொல்லிராத."

அவர் இருந்தவரை சொல்லவில்லை. நற்கருணை உட்கொண்டதும் அவர் நெடுநேரம் கண்மூடி நிற்பார். ஆழ்ந்த செபம் என்று கோயிலே உருகும். நான் மட்டும் அவர் நாக்குக்காக வேண்டிக்கொள்வேன்.