எமனுக்குக் காப்புக் கட்டிய போலந்துக்காரர்

காப்புக் கட்டிய ஞாயிறு மத்தியானம் கோயிலடியில் இருந்தவர்கள் கூத்து மாஸ்டர், தப்படிக்கிற அண்ணன்மார் இருவர், நான், அந்தப் போலந்து நடிகர். இல்லாதவர் படக் கம்பெனி மேனேஜர். சாமான் வாங்க அட்டனுக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் தடுத்திருப்பார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எடுத்த ஒரு வெளிநாட்டுப் படத்தில் நடிகருக்கு ஜெர்மன் இஞ்சினியர் வேடம். வீட்டில் ஏ.எல். பரீட்சை வரை படித்த முதல் ஆள் நான் என்பதால் மொழிபெயர்க்கும் வேலை எனக்குக் கிடைத்தது. நடிகர் வார்சாவில் நாடகம் படித்துவிட்டு லண்டனுக்குப் போனவராம். மேடையிலும் படங்களிலும் ரஷ்ய அடியாள், ஜெர்மன் சிப்பாய் என்று அதே மாதிரி வேடங்கள். தாய்மொழியில் நடித்தே பல வருஷமாகிறது என்றார். அவர் வருத்தமாகத்தான் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. கொழும்பில் ஒரு நேர்முகத் தேர்வில் என் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரித்தார்கள். அவருடைய ஆங்கிலமும் கரடுமுரடுதான். அதற்கு நாடு நாடாகக் கூப்பிட்டுச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

அந்த மாசிக் காமன் கூத்தில் எமன் வேடம் எனக்கென்று பேச்சு. அன்று கூத்துப் பழகுவதைப் பார்க்க வந்த நடிகர் எழுந்து எமன் நடையை ஒருமுறை நடந்து காட்டினார். தப்பு மேளம் அதுவாகவே வேகம் பிடித்தது.

"இவருதான்டா எமன்," என்றார் மாஸ்டர். "ஒன்னயப் பாத்தா உசிர எடுக்க வந்தவன் மாதிரியா இருக்கு? கரண்டு பில்லு குடுக்க வந்தவன் மாதிரில இருக்கு."

காப்புக் கட்டியவர் கூத்தின் கடைசி நாளில் காமனை எரிக்கும்வரை தோட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. அதை ஒரு சொல் விடாமல் அவருக்குச் சொன்னேன். பயந்து விலகிவிடுவார் என்று நினைத்தேன். அவர் கையை நீட்டினார்.

மறுநாள் காலை மேனேஜர் பஸ்ஸோடு வந்தார். நானுஓயா ஸ்டேஷனை அந்த ஒரு நாளைக்குத்தான் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். ரயில் ஏறுகிறவர்களாக நடிக்க எங்கள் லயத்து வீடுகளிலிருந்து நாற்பது பேர் தயாராக நின்றார்கள், அம்மாவும் நல்ல சேலையில். நடிகர் வரமாட்டேன் என்றார்.

"சாமிகிட்ட ஒரு நாள் லீவு கேளுங்க தம்பி," என்றார் மேனேஜர் என்னிடம்.

நான் மாஸ்டரைத் தனியே இழுத்துப் போனேன். "அந்தக் காப்ப எனக்கு மாத்திக் கட்டுங்க மாஸ்டர். அவரு போய்ட்டு வரட்டும்."

"அவுத்து அடுத்தவனுக்குக் குடுக்க அது என்ன பஸ் டிக்கட்டாடா?"

நடிகர் என்னிடம் திரும்பினார். லண்டனில் உச்சரிப்பைக் கேட்டு வேடம் தருகிறார்கள், இங்கே நடையைப் பார்த்துத் தந்தார்கள், இதை விட்டுப் போகமாட்டேன் என்றார். அதையும் நானே எல்லோருக்கும் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சனம் தலையாட்டியது. ஒருவர் முகத்திலும் கோபமில்லை.

"இதையே நான் செஞ்சிருந்தா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"வெளக்கமாத்தால அடிச்சிருப்பேன்," என்று சொல்லிவிட்டுச் சேலை மாற்றப் போனாள்.

ஸ்டேஷன் காட்சியைப் படத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆளுக்கு மூவாயிரம் சம்பளம் பேசியிருந்தது. நாற்பது பேருக்கும் சேர்த்துப் போனது ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபா.