அலசிய சேலை

மலம் மூன்று என்று நாள்தோறும் ஓதி வளர்ந்தவள் நான்: ஆணவம், கன்மம், மாயை. நான்காவது ஒன்றை, எழுபதுகளின் இறுதியில், குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் என் தங்கையின் சேலையில் கண்டேன்.

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பனிக்குடம் உடைந்து வழிந்த நீர், அரைத்த கீரையில் தார் கலந்தாற்போல் கரும்பச்சையாய், கொழகொழவென்றிருந்தது. எனக்குக் குமட்டியது. நீராடி, நீறணிந்து, பதிகம் பாதியில் நின்றிருந்த நேரம். சேலையை இரு விரல்நுனியால் தூக்கிச் சென்று கிணற்றடியில் அலசினேன். மறுபடி தலைமுழுகினேன். அதன் பிறகே வாடகைக் காருக்குச் சொல்லி அனுப்பினேன்.

தென்காசி மருத்துவமனையில் நர்ஸ் முதலில் கேட்டதே அதைத்தான்.

"தண்ணி என்ன நெறத்துலக்கா போச்சு?"

அந்த அசிங்கத்தை வாயால் சொல்லக் கூசியது. "தண்ணி தண்ணியாத்தான் போச்சு" என்றேன்.

ஒரு மணி நேரத்தில் கட்டில் விரிப்பும் அதே பச்சையாயிற்று. நர்ஸ் வயிற்றில் குழல் வைத்துக் கேட்டாள். முகம் மாறியது.

"காலையிலயும் இப்படித்தான போச்சு? துணி எங்க?"

"அலசிட்டேன்."

"வெள்ளாவி வைக்கலையாக்கும்? பிள்ளை உள்ள தவிச்சு, அங்கனயே மலம் கழிச்சிருக்கு. அத உறிஞ்சிட்டுன்னா மூச்சு அடச்சிரும். முன்னயே சொல்லியிருந்தா டாக்டரம்மாவ நிறுத்தியிருப்பேன். இப்ப செங்கோட்டைக்குப் போயிட்டாவ."

தலை வெளிப்பட்டதும் ரப்பர் குழாயின் ஒரு முனையைப் பிள்ளையின் தொண்டையில் விட்டாள். மறுமுனையைத் தன் வாயில் வைத்து உறிஞ்சினாள். நடுவிலிருந்த கண்ணாடிக் குப்பி நிறைந்து, பச்சை அவள் வாய்க்கே ஏறியது. துப்பினாள். மீண்டும் உறிஞ்சினாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன். பிள்ளை நீலம் பாரித்துத் துவண்டு கிடந்தது; நகங்கள்கூடப் பச்சை. எத்தனை முறை உறிஞ்சினாளோ, பூனைக்குட்டி போல் ஒரு குரல் எழுந்தது.

"அக்கா, வாய் கொப்புளிக்கத் தண்ணி ஊத்துங்க."

வீட்டிலிருந்து தண்ணீரோடு கொண்டுவந்த என் பூசைச் செம்பு என்னிடம் இருந்தது. ஊற்றினேன். பிள்ளையை மீட்ட அந்த வாய் அதில் பட்டுவிடலாகாதென்று, என் கை தானாகவே ஒரு முழம் உயர்ந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பயப்படாதிய, செம்புல படாது."

அந்தச் செம்பை நான் பிறகு பூசைக்கு எடுக்கவில்லை. பார்த்தாலே அன்று உயர்ந்த என் கை நினைவு வந்து குமட்டுகிறது, செம்பு என்ன செய்யும்?