கொடியில் இரண்டு முட்டி உறைகள்

எங்கள் ரப்பர் எஸ்டேட் லயத்து வீட்டுக் கொடியில், அக்கா பால்மரம் வெட்டப் போட்டுக்கொள்ளும் சட்டைக்கும் என் பாவாடைக்கும் நடுவே ஒரு முட்டி உறை தொங்கும். சாம்பல் நிறம், முழங்காலில் மாட்டிக்கொள்வது, இழுத்தால் நீளும் துணி. அக்காவின் கணவரான மாமாவுடையது அது. குழாயடிக்குப் போகிறவர்கள் அதை ஒரு பார்வை பார்க்காமல் போனதில்லை. ஒரு நாள் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு தொங்கின. பொழுது சாய்வதற்குள், மாமாவின் ஆட்டம் முடிந்துவிட்டது என்று எஸ்டேட்டே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

மாமா கூடைப்பந்து ஆட்டக்காரர். எஸ்டேட் எல்லையை ஒட்டியிருந்த சீனப் பள்ளியின் திடலில் பழகியவர். நல்ல உயரம். காண்டனீஸ் சீனம் சரளமாகப் பேசுவார், திட்டுவதற்கு மட்டும் தமிழ். சிரம்பானில் ஒரு மரக்கடை முதலாளி சொந்தச் செலவில் குழு வைத்திருந்தார். அங்கே மாமாவுக்குப் பகலில் லாரி, மாலையில் ஆட்டம். ஆட்டத்துக்குத்தான் சம்பளம், லாரியெல்லாம் சாக்கு என்பாள் அக்கா. எண்பதுகளின் நடுவில் கடை படுத்தது. குழுவும் போனது, லாரியும் போனது. முப்பத்தைந்து வயதில் மாமா எந்தக் குழுவும் கூப்பிடலாம் என்ற நிலையில் இருந்தார். கூப்பிடத்தான் ஆளில்லை.

"முட்டி ரெண்டும் போச்சுலா. இனிமே எவன் எடுப்பான்?" என்றார் எஸ்டேட்டில் வேலை வாங்கும் மண்டோர்.

நான் அப்போது சிரம்பானில் ஒரு சீனரின் தையல்கடையில் வேலை பார்த்தேன். மாமாவின் ஆட்டங்களை ஒன்று விடாமல் பார்த்தவள் என்பதால் என் பங்குக்கு நானும் எடைபோட்டுப் பார்த்தேன். எம்பிக் குதிப்பது போய்விட்டது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினால் இளவட்டங்கள் முந்திவிடுகிறார்கள். ஆனால் கூடைக்கு அடியில் காலை ஊன்றி நின்றுவிட்டால் அவரை யாராலும் அசைக்க முடியாது. எறிந்த பந்து தவறினால் எந்தப் பக்கம் வந்து விழுமோ, அங்கே முன்கூட்டியே போய் நிற்பார். தோற்கிற நேரத்தில் மற்ற ஆட்டக்காரர்கள் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த முகத்தில் பதற்றமே இருக்காது. இதற்கெல்லாம் முட்டி எதற்கு என்று எனக்குத் தோன்றும். எனக்கு மாமா என்றால் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீலாயில் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலை குழு சேர்ப்பதாகத் தகவல் வந்தது. இரண்டு வருடத்துக்கு ஸ்டோரில் வேலை, குடும்பத்துக்குக் குவார்ட்டர்ஸ். அக்கா அன்றே மனதுக்குள் வீடு மாறிவிட்டாள். விடியுமுன் எழுந்து, மரம் மரமாய்க் குனிந்து நிமிரும் பிழைப்பை விட்டுவிடலாம் என்ற ஆசை அவளுக்கு.

குழுவின் சீன மேனேஜர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார். கார் சத்தம் கேட்டதும் அக்கா கொடியிலிருந்த இரண்டு உறைகளையும் ஈரத்தோடு உருவி, அரிசி டின்னுக்குள் திணித்தாள். "நீ வாயத் தொறக்காத" என்று என்னிடம் கையைக் காட்டினாள்.

மேனேஜர் காப்பி குடித்தார், சிரித்தார், கடைசியில் முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். மாமா திரும்பிக் கொடியைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். உள்ளே போனவர், அக்கா எதையும் ஒளித்துவைக்கும் அரிசி டின்னை நேராகத் திறந்தார். ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிக்கொண்டே வந்து, உறைகளை மேனேஜர் முன்னால் வைத்தார். அவர் காண்டனீஸில் சொன்னது எனக்குப் புரிந்தது. ஓடுவதற்கு ஆள் வேண்டுமென்றால் நான் வேண்டாம், நிற்பதற்கு ஆள் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், இந்தக் கால் இரண்டு வருடம் தாங்காது, ஒரு வருடம் தாங்கும் என்றார். அக்காவுக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் மாமா ஒற்றை விரலை நிமிர்த்தியதைப் பார்த்துவிட்டாள்.

ஒரு வருடத்துக்குத்தான் எடுத்தார்கள். குவார்ட்டர்ஸ் இல்லை.

"ஒரு வருச வேலய நம்பி எவளாச்சும் மரம் வெட்டுறத விடுவாளா? இந்த மனுசன் வாய் இருக்கே!" என்று என்னிடம் பொரிந்து தள்ளிய அக்கா, மறுநாள் வழக்கம்போல் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். மாமாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. அக்காவின் முதுகைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

அந்த ஒரு வருடமும் மாமா நின்றார். நீலாய்க் குழு ஜெயித்த ஆட்டங்களில் பாதி அவர் நின்றதால் ஜெயித்தவை. வருடம் முடிந்ததும், யாரும் கேட்காமலே பனியனைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தொழிற்சாலை பஸ் ஓட்டப் போனார். எஸ்டேட் விற்கப்படும்வரை அக்கா மரம் மரமாய் முட்டி மடக்கிக் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

போன மாதம் ரஹாங்கில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் மாமா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். சட்டைகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் இரண்டு முட்டி உறைகள்.

பக்கத்து வீட்டுப் பையன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, "அங்கிள், இன்னும் பாஸ்கெட் பால் ஆடுறீங்களா?" என்று கேட்டான்.

"என்னுது இல்லலா. எங்க வீட்டு ஆட்டக்காரியோடது."

"ஊரே பாக்குது, உள்ள கொண்டாந்து போடுங்க" என்று அக்கா உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்.

"வெயில் இங்கதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, மாமா ஒவ்வொன்றையும் நீவி, தெருவைப் பார்க்கக் கிளிப் போட்டார்.