மருந்துத் தண்ணி

டொரத்தி பிறந்தது மலாயாவில், லாயாங் லாயாங் ஸ்டேஷனுக்குப் பின்னால், ரயில்வே கூலிகளின் லயத்தில். ஜொகூர் பாருவில் நர்ஸ் வேலை பழகி, பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார்; இவள் தங்கிவிட்டாள். போக வேறு இடமும் இல்லை.

அந்தத் தோட்டத்தில் குடிக்கிற காய்ச்சல் கஷாயமும் மருந்துத் தண்ணிதான், புண் கழுவுகிற லைசாலும் மருந்துத் தண்ணிதான். துரை காலத்தில் இதனால் ஒரு கேடும் வரவில்லை. லைசால் மாதிரி விஷம் வைக்கிற போத்தல் வரி வரியாகச் சொரசொரக்கும். கண்ணை மூடித் தொட்டாலும் தெரியும். அவற்றையெல்லாம் ஜப்பான்காரர்கள் பட்டாளத்துக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். இங்கிலீஷ் எழுத்து ஆகாது என்று லேபிள்களையும் சுரண்டச் சொன்னார்கள். மிஞ்சியவை கிச்சாப்பு, அதாவது சோயா சாஸ், வந்த ஒரே மாதிரிப் போத்தல்கள். இரண்டு தண்ணியும் பழுப்பு, இரண்டும் ஒரே அலமாரியில். லைசால் வாடையிலேயே கிடந்து எல்லார் மூக்கும் மரத்துவிட்டது.

ஒருநாள் டொரத்தியே கஷாயம் என்று நினைத்து லைசாலைக் கோப்பையில் ஊற்றிவிட்டாள். நோயாளியின் வாயருகே குனிந்து கொண்டுபோனபோதுதான், கிட்டத்தில் நெடியடித்து, கண்டுகொண்டாள். மறைக்கவில்லை. துரைக்குப் பிறகு ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரெஸர் மரியநாதனிடம் நேரே போனாள்.

“போத்தல வேற வேற எடத்துல வைக்கணும் ஐயா. இன்னிக்கி நானு, நாளைக்கி யாரோ.”

மரியநாதன் அவளை வார்டு நடுவில் நிற்கவைத்தார். “ஜொகூர் பாருல படிச்ச மிஸ்ஸிக்குக் கண்ணு தெரியலயாம். எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க.” அந்த வாரத்து அரிசி ரேஷனும் அவளுக்கு இல்லை. போத்தல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் யாரும் தப்புச் செய்யவில்லை. செய்ததாக யாரும் வாய் திறக்கவில்லை.

பிறகு, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற சதாசிவம் காய்ச்சலில் வந்து படுத்தார். “வேலு, அவருக்கு மருந்துத் தண்ணி குடு” என்று டிரெஸர் கூப்பிட்டுச் சொன்னார். வார்டு ஆள் வேலு அலமாரிப் போத்தலிலிருந்து ஊற்றிக் கொடுத்தான். சதாசிவம் ஒரே மடக்கில் குடித்தார். வாயெல்லாம் வெந்து, மத்தியானத்துக்குள் செத்துப்போனார்.

யார் கொடுத்தது என்று ஜப்பான் மேனேஜர் கேட்டனுப்பினான். கொடுக்கிற பேர் ஜப்பான்காரன் போடுகிற சயாம் ரயில் பாதை வேலைக்குப் போகும். போனவர்கள் அதுவரை ஒருவரும் திரும்பவில்லை.

“வேலு என்ன பண்ணுவான் ஐயா? தப்பு அந்தப் போத்தல்ல” என்றாள் டொரத்தி.

“போத்தல சயாமுக்கு அனுப்ப முடியுமா?” மரியநாதன் பேனாவை எடுத்தார். “பேரு குடுக்கலன்னா என் பேரு போவும். ஒன் பேரு எழுதட்டுமா, சொல்லு.”

டொரத்தி ஓரெட்டுப் பின்னால் நகர்ந்தாள். அவர் வேலு பேரை எழுதினார்.

லாரியில் ஏறும்போது வேலு அவளைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். “வுடுங்க மிஸ்ஸி. குடுத்தது என் கைதான? சயாம்ல அரிசிச் சோறாம்லா.”

அவன் பெண்சாதி காளியம்மா லாரி போன பிறகும் அங்கேயே நின்றாள்.

“அவரு மேல தப்பில்லன்னு சொன்னீங்களா மிஸ்ஸி?”

“சொன்னேன்.”

“அப்பறம்?”

டொரத்தி ஆஸ்பத்திரிக்குத் திரும்பி நடந்தாள்.

அன்றே அவள் லைசாலை எடுத்துக் கழுவுமிடத்து ஜன்னலில் வைத்தாள். காலையில் அது அலமாரிக்குத் திரும்பியிருந்தது. “அதான் வேலு போயாச்சே, இன்னும் என்ன?” என்றார் மரியநாதன்.

வேலுவின் இடத்துக்குக் கனகராஜ் வந்தார். வயசாளி, நிதானமானவர். ஒரு மத்தியானம் அவர் நிறைந்த கோப்பையொன்றை ஜன்னலுக்கு வெளியே கவிழ்ப்பதை டொரத்தி கண்டாள்.

“ஏன் ஊத்துறீங்க?”

“ஈ வுழுந்துருச்சு மிஸ்ஸி.”

அவள் கோப்பையை வாங்கி மூக்கருகே வைத்து மோந்து பார்த்தாள்; லைசால். கனகராஜ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆமா, ஈதான்” என்று சொல்லிக் கோப்பையைக் கழுவப் போனாள்.