துஜா செடிக்கு நான் ஊற்றிய தண்ணீர்

ஐந்தாம் வகுப்போடு கலவை சுமக்கப் போனவன் நான். முடிச்சூரில் பதினோரு வீடு கட்டினேன். ஊரே மூழ்கிய வெள்ளத்திலும் ஒன்றில்கூட விரிசல் இல்லை.

படுக்கையில் விழுந்த என் மனைவி ஜன்னல் வழியே பார்ப்பது, அவள் நட்ட துஜா செடியைத்தான். அதன் விசிறி இலைகள் பழுப்பேறின. அது போனால் அவளும் போய்விடுவாள் என்று, காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினேன். பழுப்பு இன்னும் ஏறியது.

"யோவ், அது இன்னா நீ போட்ட காங்கிரீட்டா, தண்ணி ஊத்தி ஊத்தி இறுக வைக்க? வேரு அழுகிப்பூடும்யா!" என்றாள் ஈனக்குரலில்.

அழுதுகொண்டே தோண்டி, தண்ணீர் தேங்காதபடி மணல் கலந்து திரும்ப நட்டேன். இன்று ஒரு நுனி மட்டும் பச்சையாக இருக்கிறது. மணல் கலந்து அதைப் பிழைக்க வைத்தவன் நான்தான் என்று, வருகிறவர்களிடமெல்லாம் அவள் இன்னும் பல வருஷம் சொல்லியாக வேண்டும்.