இரவல் காது

காலையில் லிஃப்டில் ஏறும்போதே அவருக்கு முகம் சுளித்துவிடும். சுவரில் பதித்த திரை வணக்கம் சொல்லி, அவர் இறங்குவதற்குள் ஒரு பற்பசையையும் ஒரு காப்பீட்டையும் காட்டி முடிக்கும். அலுவலகக் கழிப்பறையை விட்டு வெளியே வந்தால், அனுபவம் எப்படி இருந்தது, நட்சத்திரம் கொடுங்கள் என்று ஒரு பலகை கேட்கும். வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் வேலை முடிந்ததும் பாட்டுப் பாடும். செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டுப் பாட்டும் பாடுகிற ஆளை யாராவது வீட்டில் வைத்துக்கொள்வார்களா என்று ஒருமுறை எழுதினார். வாசகர்கள் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்கள். குமட்டுகிறது என்பதைத்தான் அவர் நாகரிகமாகச் சொல்லியிருந்தார்.

நாளிதழில் தொழில்நுட்பப் பக்கத்தை, தொலைபேசிக்கு வயர் இருந்த காலத்திலிருந்து அவர்தான் எழுதுகிறார். அலுவலகத்தில் அவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர். கம்பெனிகள் விமர்சனத்துக்காக அனுப்பும் கருவிகள் பெட்டி பெட்டியாக அவர் மேஜைக்கு வரும். அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போய், வீட்டு மனிதர்கள் கையில் கொடுத்துப் பழகவிட்டு, அதன் பிறகே எழுதுவார். எழுதியதும் வந்த பெட்டியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். வயரைச் சுற்றியிருந்த கம்பிக் கட்டுகூட வந்தபடியே இருக்கும். மற்ற பத்திரிகைக்காரர்கள் கருவிகளைத் தங்களிடமே வைத்துக்கொள்வதைக் கேள்விப்பட்டால், எச்சில் இலையைப் பார்த்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அவர் எதையாவது பாராட்டியதாக யாருக்கும் நினைவில்லை. பக்கத்தின் பொறுப்பாசிரியை, மகள் வயதுப் பெண், ஒருநாள் பொறுக்க முடியாமல், "சார், ஒரு தடவையாவது நல்லா இருக்குன்னு எழுதுங்களேன்" என்று கேட்டுவிட்டாள்.

"நல்லா இருக்கட்டும், எழுதறேன்."

ஒரு மனிதனின் வெறுப்பு நீண்ட காலம் சரியாகவே இருந்துவிட்டால், தான் ஏமாறக்கூடியவன் என்பது அவனுக்கு மறந்துபோகிறது. பெட்டிக்காரருக்கு நேர்ந்ததும் அதுதான்.

வீட்டில் அவரும் மனைவியும் அவருடைய அக்காவும். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். சில வருஷங்களாகக் காது கேட்பது குறைந்து, இப்போது முகத்துக்கு நேரே நின்று கத்தினால்தான் பாதி போய்ச் சேரும். முன்பு வாங்கிய கருவி விசிலடித்த விசிலில், அதைக் கழற்றி அலமாரியில் போட்டவர் மறுபடி எடுக்கவில்லை. இதில் மனைவிக்கு ஒரு வசதி கிடைத்திருந்தது. நாத்தனாரைப் பற்றித் தனக்குத் தோன்றுவதையெல்லாம் அவர் முன்னாலேயே, சிரித்த முகத்தோடு, சாதாரணக் குரலில் சொல்லித் தீர்த்துக்கொள்வாள். யாருக்கும் நஷ்டமில்லாமல் வீடு அமைதியாக இருந்தது.

அப்போதுதான் அந்தப் பெட்டி வந்தது. உள்ளே காதில் பொருத்தும் புதுக் கருவி, பயறளவு இருந்தது. வழக்கம்போல் விமர்சனத்துக்கென்று தன் பெயரில் கம்பெனி திறந்து வைத்திருந்த கணக்கில் அதைச் சேர்த்து, அக்காவின் காதில் பொருத்திவிட்டார். மனைவிக்கு இது தெரியாது. அவள் அடுப்பைப் பார்த்தபடி, "மகாராணிக்கு இன்னைக்கு எதுல குறையோ" என்றாள்.

"குறை ஒண்ணும் இல்லம்மா. உப்புதான் ஒரு கல்லு தூக்கல்" என்றார் அக்கா.

கரண்டி கீழே விழுந்தது. அக்காதான் முதலில் சிரித்தார். மனைவி அன்று முழுக்கச் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. மறுநாளிலிருந்து இருவரும் நேருக்கு நேர் சண்டை போட ஆரம்பித்தார்கள். இருவர் முகத்திலும் ஒரு தெளிவு வந்திருந்தது.

அக்கா பழைய தோழிகளுக்குத் தொலைபேசியில் பேசினார். தனியாகப் பேருந்தில் போய் வந்தார். அடுத்த அறைக் குழாய் சொட்டுகிறது என்று அவர்தான் கண்டுபிடித்தார். பெட்டிக்காரர் உட்கார்ந்து எழுதினார். 'இதைக் குறை சொல்ல எனக்கு வார்த்தை அகப்படவில்லை' என்று முடித்தார். கம்பெனி அந்த வரியைப் பெரிய எழுத்தில், அவர் படத்தோடு விளம்பரமாகப் போட்டுக்கொண்டது. கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தன் முகத்தைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் மாறி நடந்தார். அக்காவுக்காக விழுங்கிக்கொண்டார். முதல் தடவையாக ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பத் தள்ளிப்போட்டார்.

சில வாரம் கழித்து அலுவலகத்துக்கு ஒரு தச்சர் வந்தார். மர அறுவை இயந்திரத்தோடு வாழ்ந்து காதைத் தொலைத்தவர். விளம்பரத்தில் இவர் படத்தைப் பார்த்துத்தான் வாங்கியதாகச் சொன்னார்.

"வீட்டுல நல்லாத்தான் கேக்குது சார். சத்தமான இடத்துக்குப் போனா காதுக்குள்ள ஒரு பொம்பளை பேசறா."

"என்ன பேசறா?"

"தெளிவா கேக்கணும்னா மாசாமாசம் காசு கட்டி மேல்திட்டத்துக்கு மாறுங்கங்கறா. அவ பேசறது மட்டும் ரொம்பத் தெளிவா இருக்கு."

பெட்டிக்காரர் அந்தக் கருவியை வாங்கித் துடைத்துத் தன் காதில் வைத்துக்கொண்டு, கூட்டமாயிருந்த கேன்டீனுக்குள் போனார். பேச்சுகள் கூழாகக் குழைந்தன. அதன் மேல் தேன் தடவிய ஒரு பெண் குரல் எழுந்து, இந்த இரைச்சல் உங்களுக்குத் தேவையா என்று கேட்டது. அவருடைய காதுக்குள், கையால் விரட்ட முடியாத இடத்தில் நின்று கேட்டது.

கம்பெனியின் பத்திரிகைத் தொடர்பாளரைக் கூப்பிட்டார். அந்த இளைஞன் கொஞ்சமும் பதறவில்லை. விமர்சகர்களுக்குக் கொடுக்கும் கணக்கில் மேல்திட்டம் உட்பட எல்லாமே திறந்திருக்கும், இது எல்லோரும் அறிந்த வழக்கம்தானே என்றான். சார் மாதிரி ஆட்களுக்கு அந்தக் குரல் தொந்தரவு எதற்கு என்றான். பிறகு, "அக்கா எவ்வளவு காலம் வேணும்னாலும் வச்சுக்கட்டும் சார். நாம இப்படியே நல்லபடியா இருக்கிற வரைக்கும் அந்தக் கணக்கை யாரும் தொடமாட்டாங்க" என்றான்.

பெட்டியைத் திருப்பி அனுப்பினால் கை சுத்தம் என்று இத்தனை காலம் இருந்திருக்கிறார். லஞ்சம் பெட்டிக்குள் இல்லை, கணக்குக்குள் இருந்தது. உண்மையை எழுதினால் அக்காவின் காது அடைபடும். எழுதாவிட்டால் அந்தத் தச்சரைப்போல் இன்னும் எத்தனையோ பேர் கடைக் கண்ணாடியில் இவர் முகத்தைப் பார்த்து உள்ளே போவார்கள். மேல்திட்டத்தின் மாதக் கட்டணமோ அக்காவின் ஓய்வூதியத்தில் பாதியைத் தின்றுவிடும்.

அந்த வாரம் உடம்பு சரியில்லை என்று சொல்லி எதுவும் எழுதாமல் இருந்தார். மனைவியிடம் மட்டும், படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவள் மடித்த துணிகளையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது.

"அந்தத் தச்சருக்கு இருக்கிற மாதிரி இதை மாத்திக் குடு. நான் பாத்துச் சொல்றேன். அப்புறம் எழுது" என்றார் அக்கா.

இவர்கள் பேசியது முழுக்கச் சுவரைத் தாண்டிக் கேட்டிருக்கிறது.

"மாத்தினா வெளியில கேக்காதுக்கா. காசு கட்டினா வேணா..."

"காதுக்கு வாடகை கட்டவா நான் பொறந்தேன்? கேக்காதது எனக்குப் பழக்கம்டா. நீ புளுகறதுதான் பழக்கமில்ல."

அவர் சாதாரண வாடிக்கையாளர் கணக்குக்கு மாற்றிக் கொடுத்தார். அக்கா அதைப் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்கும் வங்கிக்கும் போய்விட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். வங்கியில் தன் முறை வந்து கூப்பிட்டபோது அந்தக் குரல்தான் குறுக்கே பேசிக்கொண்டிருந்ததாம். "வார்டுக்கு மருந்துக் கம்பெனிக்காரங்க வருவாங்க. எல்லாம் இளிச்சுக்கிட்டு நிப்பாங்க. ஆனா அவங்ககூட நோயாளி உடம்புக்குள்ள பூந்து வித்ததில்ல" என்றார். பெட்டிக்காரர் அதை அப்படியே எழுதினார்.

அந்தக் கம்பெனியின் விளம்பரம் அதே பக்கத்தில் வருவதாக இருந்தது. பொறுப்பாசிரியை கட்டுரையை இரண்டு முறை படித்தாள். ஒரு வார்த்தையும் வெட்டாமல் போட்டாள். பெட்டிக்காரர் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. அது அவள் வேலை என்பது அவர் எண்ணம்.

கட்டுரை வந்த அன்று காலை ஒன்பதரைக்கே, கருவியைத் திருப்பி வாங்கிக்கொள்ள ஆள் வருவதாகத் தகவல் வந்துவிட்டது. அவ்வளவு சுறுசுறுப்பை அந்தக் கம்பெனியிடம் அவர் முன்னெப்போதும் கண்டதில்லை. அக்கா பால்கனியில் உட்கார்ந்து, "இது போறதுக்கு முன்னாடி நீ எழுதினதைப் படிச்சுக் காட்டு" என்றார். அவர் படித்தார். பாதியில் தெருவில் ஒருவன் துளையிடும் இயந்திரத்தை வைத்துத் தரையை உடைக்கத் தொடங்கினான். அக்காவின் முகம் கோணியது. காதுக்குள் அந்தப் பெண் வந்துவிட்டாள். அக்கா கருவியைப் பிடுங்கி, பல்லில் சிக்கியதை எடுத்துப் போடுவதுபோல் அவர் கையில் வைத்தார்.

"நடுவுல என்னமோ படிச்சியே, அவ பேசிட்டா. என்ன அது?"

அவர் கையை ஆட்டி, ஒன்றுமில்லை என்றார்.

"ஒண்ணுமில்லாததை எதுக்கு அச்சடிச்சே? படி."

படித்தார். அக்கா காதைக் கையால் குவித்துக்கொண்டு, சத்தமாக என்றார். மறுபடி படித்தார். இன்னும் சத்தமாக என்றார். பெட்டிக்காரர் எழுந்து நின்று, தொண்டை நரம்பு புடைக்க, இயந்திரத்துக்கு மேலே கத்தினார்: "என்னை யாரும் ஏமாற்றவில்லை. என் வீட்டில் ஒருவர் சிரித்ததைக் கேட்டு நான் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டேன். என் சொல்லை நம்பி இதை வாங்கியவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

கடைசி வாக்கியம் வரும்போது இயந்திரம் நின்றுபோயிருந்தது. எதிர் வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் கையில் ஈரச் சட்டையோடு நின்றாள். தெருவில் வேலை செய்தவன் அண்ணாந்து பார்த்தான்.

அக்கா தலையசைத்து, "ம், மேல படி" என்றார்.